இதயப் பம்போடு ஊர் திரும்பியவர் நடந்து பழகுவது எப்படி?

சென்னையிலோ பெங்களூரிலோ ‘எல்வேட்’ என்கிற இதயப் பம்பைப் பொருத்திக்கொண்டு நம் பக்கம் திரும்புகிறவர்களின் வீடுகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வீட்டில் ஆளைக் கட்டிலை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். தண்ணீர்ச் சொம்பு முதல் டிவி ரிமோட் வரை கைக்கே வந்துவிடும். இன்னொரு வீட்டில், “அதான் புது பம்பு போட்டாச்சே, இனிமேல் என்ன?” என்று இரண்டாம் மாதமே தோட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். இரண்டுமே தப்பு. கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் பிசியோதெரபி பார்ப்பவன் என்ற முறையில், முதல் சில மாதங்களை எப்படிக் கொண்டுபோவது என்று இங்கே வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கு ஆபரேஷன் செய்த மருத்துவமனை சொன்னதும் இதில் இருப்பதும் எங்காவது இடித்தால், அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள். உங்கள் இதயத்தை உள்ளே பார்த்தவர்கள் அவர்கள்தான்.

பம்பு எது வரைக்கும் கைகொடுக்கும்?

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இதயத்தின் இடது கீழறையின் நுனியில் பம்பு உட்கார்ந்திருக்கிறது. அங்கே சேரும் ரத்தத்தை இழுத்து, உடம்புக்கெல்லாம் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனிக்குள் தள்ளுகிறது. இப்போது பரவலாகப் பொருத்தப்படும் ஹார்ட்மேட் 3 அமெரிக்காவில் 2017-இல் அனுமதி பெற்றது. அதன் சுழலி எதிலும் உரசாமல் காந்தப் புலத்தில் மிதந்தபடி சுற்றும். நிமிடத்துக்கு 5,000, 6,000 சுற்று என்ற வாக்கில் ஒரு வேகத்தை மருத்துவர் வைத்து அனுப்புவார். உள்ளே ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு விநாடிக்கு ஒருமுறை வேகத்தைத் தானே சற்றுக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். மற்றபடி நீங்கள் தூங்கினாலும் படி ஏறினாலும் அதே வேகம்தான்.

நம் ஊர் போர்வெல் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஊற்று நன்றாக இருந்தால் குழாய் நிறையத் தண்ணீர் வரும். ஊற்று குறைந்தாலும் மோட்டார் வேகம் குறையாது, காற்றைத்தான் இழுக்கும். இங்கேயும் இதயத்துக்கு வரும் ரத்தம் குறைந்தால் பம்பு காலியான அறையின் சுவரையே இழுக்கப் பார்க்கும். தலை கிறுகிறுக்கும், படபடப்பு வரும், ‘லோ ஃப்ளோ’ அலாரம் அடிக்கும். ஆகவே ஊற்றைக் காப்பாற்றுவது, அதாவது உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது, நடைப் பயிற்சியில் பாதி வேலை.

ஆரோக்கியமான இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் தள்ளும். கடுமையாக ஓடும்போது அது 15, 20 லிட்டருக்குப் போகும். பம்பு அப்படி ஏறாது. நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்புகின்றன, கால் ரத்தக் குழாய்களும் விரிந்து எதிரழுத்தம் குறைகிறது. அதனால் அதே வேகத்திலேயே ஓரிரு லிட்டர் கூடுதலாகத் தள்ளும். அதற்கு மேல் வேண்டியதை உங்கள் சொந்த இதயம்தான் கொடுக்க வேண்டும். அதனால்தான் பம்பு இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்க இதயத்தின் பலத்தைப் பற்றி மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். நுரையீரல் வழியாக ரத்தத்தை இந்தப் பக்கம் அனுப்புவது அதுதான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. முழு மூச்சாக உழைக்கும்போது உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், எல்வேட் வைத்தவர்களில் பெரும்பாலும் ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 11 முதல் 16 மில்லிலிட்டர் வரை இருக்கும். அதே வயதுள்ள ஆரோக்கியமான ஆளோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி. சும்மா உட்கார்ந்திருக்கவே 3.5 மில்லிலிட்டர் தேவை. உங்கள் உச்சம் 14 என்றால், உட்கார்ந்திருப்பதைப் போல நாலு மடங்கு உழைப்புதான் உங்கள் எல்லை. மெதுவாக நடப்பது இரண்டரை மடங்கு, கொஞ்சம் வேகமாக நடந்தால் மூன்றரை, நிதானமாகப் படி ஏறுவதே நாலு. மண்வெட்டி பிடித்து வாய்க்கால் வெட்டுவது ஐந்தைத் தாண்டும். பம்பு வைத்த பிறகும் மாடி ஏறினால் ஏன் மூச்சு வாங்குகிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுகிறேன். பம்பில் கோளாறு இல்லை, எல்லைக்குப் பக்கத்தில் போய்விட்டீர்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் பயிற்சி எதற்கு? முந்தைய மாடலான ஹார்ட்மேட் 2 பொருத்தியவர்களைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், ஆபரேஷனுக்கு முன் ஆறு நிமிடத்தில் சுமார் 200 மீட்டர் நடந்தவர்கள் ஆறு மாதத்தில் 350 மீட்டருக்கு மேல் நடந்தார்கள். 2014-இல் அமெரிக்காவில் 26 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், மேற்பார்வையோடு பயிற்சி எடுத்தவர்களுக்கு ஆறு நிமிட நடை இன்னும் 50 மீட்டர் போலக் கூடியது, கால் பலமும் கூடியது. ஜெர்மனியில் அண்மையில் 12 வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் உச்ச ஆக்சிஜன் அளவு சொல்லும்படி ஏறவில்லை, நடக்கும் தூரம் மட்டும் 40 மீட்டருக்கு மேல் கூடியது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இது: உச்சம் பெரிதாக நகராது, ஆனால் அதற்குக் கீழே செய்கிற வேலைகள் லேசாகும். லேசாக்குவது கால் தசை. மாதக்கணக்கில் இதயம் பலவீனமாகி, ஐசியுவில் வேறு படுத்திருந்த உடம்பில் முதலில் கரைவது தொடைதான். காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் முதல் நாள் என்னிடம் சொன்னார்: “மூச்சு கூட வாங்கல சார், காலுதான் துவளுது.” அவர் சொன்னது மிகச் சரி.

1. டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

உங்கள் பம்பின் ஸ்பீடு, வழக்கமான ஃப்ளோ (நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பது), பிஐ (ஓட்டத்தில் துடிப்பு எவ்வளவு தெரிகிறது என்பதற்கான எண்), பவர் ஆகிய நாலு எண்கள். சராசரி ரத்த அழுத்தம் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்பது (பெரும்பாலும் 70-க்கும் 90-க்கும் இடையே சொல்வார்கள்). கடைசியாக எடுத்த ஆறு நிமிட நடைத் தூரம். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், வெயில் காலத்தில் அதை எவ்வளவு கூட்டலாம் என்பது. ஆபரேஷனில் பிளந்த நெஞ்செலும்பு ஒன்றுசேரும் வரை எத்தனை வாரம் எடை தூக்கக் கூடாது என்பது. நினைவு தப்பிவிட்டால் நெஞ்சை அழுத்தலாமா கூடாதா என்பதையும் வாய்விட்டுக் கேளுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் யோசித்துக்கொண்டு நிற்க முடியாது.

ஃப்ளோ என்று திரையில் வருவது அளந்த எண் அல்ல. பவரையும் ஸ்பீடையும் வைத்துக் கருவி போடுகிற கணக்கு அது. 4.3 இருந்தது 4.1 ஆனதற்கு நடு இரவில் யாரையும் எழுப்ப வேண்டாம். வழக்கத்தை விட்டு நன்றாக விலகுவதுதான் கவலைக்குரியது.

2. வீட்டைத் தயார் செய்யுங்கள்

வீட்டுக்குள் நடப்பதுதான் முதல் பயிற்சி, ஆகவே வழியில் தட்டுகிற சாமான்களை எடுத்துவிடுங்கள். வயிற்றிலிருந்து வரும் ஒயர் (டிரைவ்லைன்) மாட்டிக்கொள்ளக்கூடிய இடங்களை நீங்களே ஒரு சுற்று நடந்து பாருங்கள். கதவுத் தாழ்ப்பாள், நாற்காலிக் கை, கட்டில் முனை, கிரில் கேட் கொண்டி எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கும். ஒரு இழுப்பில் ஒயர் நுழையும் இடத்துத் தோல் பிய்ந்தால், அது ஆற மாதங்கள் ஆகும், கிருமி புகுந்தால் இன்னும் மோசம்.

மின்சாரத்தில் ஒரு விஷயம் நம் வீடுகளுக்கே உரியது. சுவிட்சால் அணைக்கக்கூடிய பிளக்கில் பம்பின் பவர் யூனிட்டைச் செருகாதீர்கள் என்று கையேடு சொல்லும். நம் வீட்டில் சுவிட்ச் இல்லாத பிளக் ஏது? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த் சரியாக உள்ள மூன்று முனை பிளக் ஒன்றைச் சுவிட்ச் இல்லாமல் நேரடியாக இணைத்துத் தரச் சொல்லுங்கள். அது முடியும் வரை சுவிட்சின் மேல் டேப் ஒட்டி ‘தொடாதே’ என்று எழுதுங்கள். அந்த மாந்தோப்புக்காரர் வீட்டில் பேரன் எழுதி ஒட்டியிருக்கிறான், பக்கத்தில் ஒரு மண்டை ஓட்டுப் படத்தோடு. மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுக்க கரண்ட் நிறுத்தும் அறிவிப்பு வந்தால், முந்தின இரவே எல்லா பேட்டரிகளும் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும்.

தரையில் சம்மணம் போட்டு உட்காருவதையும் குந்தி உட்காரும் கழிவறையையும் முதல் மாதங்களில் தவிர்த்துவிடுங்கள். இடுப்பு மடியும் இடத்தில் ஒயர் அழுந்தும், முக்கினால் அழுத்தமும் ஏறும். வெஸ்டர்ன் கழிவறை இல்லாவிட்டால், மேலே வைக்கிற கமோடு நாற்காலி போதும்.

3. கிளம்பும் முன் இரண்டு நிமிடம்

பேட்டரி விளக்குகளைப் பாருங்கள். இரண்டும் நிறைந்த பேட்டரிகளாக இருந்தால் ஹார்ட்மேட் 3 சுமார் 17 மணி நேரம் வரை ஓடும், பேட்டரி பழசாக ஆக அது குறையும். நடப்பது பத்து நிமிடமே என்றாலும் மாற்று பேட்டரிகளும் மாற்று கன்ட்ரோலரும் (ஒயரின் மறு முனையில் இருந்து பம்பை இயக்கும் கருவி) உள்ள பை கூட வர வேண்டும். அதைத் தூக்குவது துணைக்கு வருபவர் வேலை. உங்கள் தோளில் ஏற்கெனவே இரண்டு பேட்டரியும் கன்ட்ரோலருமாக ஒன்றரைக் கிலோ அளவுக்கு இருக்கிறது. பேட்டரி மாற்றும்போது ஒரு பக்கத்தைக் கழற்றி, மாட்டி, உறுதி செய்த பிறகே அடுத்த பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது என்பதை வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

ஒயர் வயிற்றோடு ஒட்டி நிற்கும் பிடிப்பு சரியாக இருக்கிறதா, டிரெஸ்ஸிங் ஈரமில்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். லுங்கி கட்டுகிறவர்கள் முடிச்சை ஒயர் மேல் போடுகிறார்கள். எலாஸ்டிக் வைத்த தளர்ந்த டிராக் பேன்ட் நல்லது.

அப்புறம், உடம்பு எப்படி இருக்கிறது? காலையில் எடை பார்த்தீர்களா? ஓரிரு நாளில் ஒன்று, ஒன்றரைக் கிலோ கூடி, கால் வீங்கி, வயிறு முட்டிக்கொண்டு இருந்தால் அன்றைக்கு நடை வேண்டாம், போன் போடுங்கள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி என்றாலும் அப்படியே. பிபி மாத்திரை போட்ட கையோடும் கிளம்ப வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம்.

4. முதல் வாரங்கள்: குறைவாக, பலமுறை

ஒரேயடியாக அரை மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. வாசலிலிருந்து பின்கட்டு வரை போய் வருவதும் நடைதான். இரண்டு மூன்று நாள் சிரமமில்லாமல் போனால் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கூட்டுங்கள். இப்படியே போனால், வாரத்தில் ஐந்து நாள், ஒரே மூச்சில் இருபது முப்பது நிமிடம் என்ற இடத்துக்கு வந்து சேரலாம். எப்போது சேருவீர்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்துப் படுக்கைக்காரரோடு வாட்ஸ்அப்பில் போட்டி வைத்துக்கொள்வதால் ஒரு பலனும் இல்லை.

நடை அந்த அளவுக்கு நீண்ட பிறகு, முதல் ஐந்து நிமிடம் ஆமை வேகம், கடைசி ஐந்து நிமிடமும் ஆமை வேகம். கடைசி ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் அதுதான் ரொம்ப முக்கியம். சட்டென்று நின்றால் விரிந்த கால் ரத்தக் குழாய்களில் ரத்தம் தங்கிவிடும், இதயத்துக்குத் திரும்புவது குறையும், தலை சுற்றும். வேகத்தைக் குறைத்து, நடந்தபடியே முடியுங்கள்.

5. எவ்வளவு வேகம்? நாடியைப் பார்க்காதீர்கள்

பம்பு ரத்தத்தை இடைவிடாமல் தள்ளுவதால் பலருக்கு மணிக்கட்டில் நாடியே தெரியாது. கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை நம்ப வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியும் தப்பாகக் காட்டலாம், கடையில் வாங்கும் பிபி மெஷின் பாதி நேரம் ‘எரர்’ என்று சொல்லும். ஆகவே அளவுகோல் உங்கள் வாய்தான். நடந்தபடியே துணைக்கு வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடிந்தால் வேகம் போதவில்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

போர்க் அளவு என்று ஒன்று உண்டு, 6 முதல் 20 வரை. 6 என்றால் ஒரு சிரமமும் இல்லை, 20 என்றால் இதற்கு மேல் முடியவே முடியாது. 11-க்கும் 13-க்கும் நடுவில் இருங்கள். ‘லேசு’ என்பதிலிருந்து ‘கொஞ்சம் சிரமம்’ என்பது வரை என்று வைத்துக்கொள்ளலாம். நான் பார்த்த வரையில் நம் ஆட்களில் பலர் கௌரவத்துக்காக எண்ணைக் குறைத்துச் சொல்கிறார்கள், அதிலும் மனைவி பக்கத்தில் நின்றால் இன்னும் இரண்டு குறையும்.

6. எங்கே, எப்போது?

சமதளம்தான் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் மாவட்ட விளையாட்டு அரங்கம் வசதி. கிராமத்தில் பள்ளி மைதானமோ ஏரிக்கரையோ போதும். சர்வீஸ் ரோடு வேண்டாம், லாரிப் புகையும் தள்ளி நடக்க இடமில்லாததும் இரண்டு தொல்லை. தெருநாய்கள் உள்ள பாதையும் வேண்டாம். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் நாய் பாய்ந்து நீங்கள் துள்ளி விலகும்போது பேட்டரிப் பை கீழே விழுந்தால் அது ஒயரைத்தான் இழுக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிற ஆள் கீழே விழுந்து தலையில் அடிபடுவதும் சின்ன விஷயம் இல்லை.

சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் உண்டு, அவர்கள் மேட்டில் இருக்கிறார்கள். தருமபுரி, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வெயில் அப்படியில்லை. வியர்வையில் நீர் போனால் ஊற்று வற்றும். போதாததற்கு டிரெஸ்ஸிங்கும் ஊறும், ஊறியதை அன்றே மாற்ற வேண்டும். பேட்டரிக்கும் வெயில் ஆகாது, 40 டிகிரிக்கு மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் மாற்று பேட்டரியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஒகேனக்கல் போகலாமா என்று கேட்காதவர் இல்லை. போகலாம், பார்க்கலாம், மீன் வறுவல் வாசனையோடு திரும்பி வரலாம். அருவியில் குளிப்பதும் எண்ணெய் மசாஜும் பரிசலும் இனி இல்லை. ஆறு, கிணறு, தொட்டி என்று எதிலும் இறங்கக் கூடாது. தீர்த்தமலை படிகள் இந்த வருஷத்துக்கு வேண்டாம். ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயிலுக்கு வண்டியிலேயே மேலே போய்விடலாம்.

7. கால் பலம்

நடை மட்டும் போதாது. முன்னே சொன்னதுபோல் கால்தான் துவளும், ஆகவே வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலுக்கென்று தனியாக ஒதுக்குங்கள்.

கை வைக்காத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது முதல் பயிற்சி. கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே லேசாக வைத்துக்கொண்டு, எழும்போது மூச்சை விடுங்கள், உட்காரும்போது இழுங்கள். ஐந்தில் ஆரம்பித்துப் பத்துக்குக் கொண்டுவாருங்கள், இடையில் ஓய்வு எடுத்து இன்னொரு சுற்று. இரண்டாவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே அனுப்பும் தசை, அதை வளர்த்தால் பம்புக்கே உதவி. மூன்றாவது, வாசற்படியில் ஒரு கால் ஏற்றி, மறு கால் ஏற்றி, அதே வரிசையில் இறங்குவது. பக்கத்தில் பிடிக்க ஆளோ கம்பியோ இருக்கட்டும்.

எதிலும் மூச்சை அடக்காதீர்கள். மூச்சடக்கி முக்கினால் இதயத்துக்கு வரும் ரத்தம் குறையும். படுத்துக்கொண்டு வயிற்றை மடக்கி எழும் பயிற்சி எப்போதுமே வேண்டாம், ஒயர் அங்கேதான் வெளியே வருகிறது. நெஞ்செலும்பு கூடும் வரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. நிறைந்த குடம் அதைப்போல் மூன்று மடங்கு இருக்கும், ஆகவே தண்ணீர் எடுக்கும் வேலையை இன்னொருவரிடம் விடுங்கள்.

8. மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள்

மருத்துவமனையில் செய்யும் ஆறு நிமிட நடையை வீட்டுத் தெருவிலும் செய்யலாம். கொத்தனார் டேப்பால் 30 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். துணைக்கு வருபவர் போனில் ஆறு நிமிடம் வைத்து, எத்தனை முறை போய்வந்தீர்கள் என்று எண்ணட்டும். ஓடக் கூடாது. மூச்சு வாங்கினால் நின்று கொள்ளலாம், நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 11 தடவை நடந்து, மேலும் பாதித் தூரம் போனால் 345 மீட்டர்.

தூரத்தோடு, எத்தனை முறை நின்றீர்கள், முடிவில் போர்க் எண் என்ன, நடைக்கு முன்னும் பின்னும் ஃப்ளோவும் பிஐயும் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரா வாரம் வேண்டாம், ஐந்து மீட்டர் ஏறி இறங்கி மனதைக் கெடுக்கும். ஒரு மாதத்தில் தூரம் கணிசமாகக் குறைந்தால் அதற்குக் காரணம் இருக்கும். அதிகம் காணும் காரணம் ரத்தசோகை. இந்தப் பம்புகளோடு குடலில் மெதுவாக ரத்தம் கசிவது உண்டு. மலம் கருப்பாகப் போகிறதா என்று கவனியுங்கள், ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ரத்தம் குறைந்தால் பம்பு எவ்வளவு தள்ளியும் ஆக்சிஜன் போய்ச் சேராது.

9. உடனே நிறுத்த வேண்டியவை

கிறுகிறுப்பு, கண் இருட்டல், நெஞ்சுவலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், உடம்பில் வைத்த டிஃபிபிரிலேட்டர் (இதயத் துடிப்பு தாறுமாறானால் மின்அதிர்ச்சி தந்து சரிசெய்யும் கருவி) ஷாக் கொடுத்தது, அலாரம் அடித்தது. எதுவானாலும் நின்ற இடத்திலேயே உட்காருங்கள், தேவைப்பட்டால் படுங்கள். துணைக்கு வந்தவர் ஒயர்கள், பேட்டரி இணைப்பு எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு, மருத்துவமனையில் பம்பு வைத்தவர்களைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட வேண்டும். ஹார்ட்மேட் 3-இல் ஃப்ளோ 2.5 லிட்டருக்குக் கீழே போனால் சிவப்பு அலாரம் அடிக்கும். முகம் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு கை விழுவது என்றால் நேராக 108.

108 ஆட்கள் வந்ததும் நாடி பார்ப்பார்கள், கிடைக்காது. உங்களை அறியாதவர் அந்த நொடியில் தப்பான முடிவுக்கு வரலாம். “எனக்கு இதயப் பம்பு உள்ளது, நாடி தெரியாமல் இருக்கலாம், ஒயரை வெட்டவோ கழற்றவோ வேண்டாம், இந்த எண்ணுக்கு உடனே கூப்பிடவும்” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் செய்து பேட்டரிப் பையில் தொங்கவிடுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் ஒருமுறை நேரில் போய், இப்படி ஒரு ஆள் இந்த ஊரில் இருக்கிறார் என்று சொல்லி வைப்பது வீண் வேலை அல்ல.

10. களியும் கீரையும்

நம் பக்கம் ராகிக் களிக்குத் தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல் இல்லாமல் முடியாது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் கீரையே தொடக் கூடாது என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு ஒன்று ஊரில் சுற்றுகிறது. சாப்பிடலாம். அளவு வாரத்துக்கு வாரம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். கீரையில் உள்ள வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைக்கும். இந்த வாரம் முருங்கைக்கீரை தினமும், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்றால் ஐஎன்ஆர் எண் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் பரிசோதனை எண்) ஏறி இறங்கும். பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையே வைக்கச் சொல்வார்கள். களி வயிறு நிறைக்கும், ஆனால் தசை வளர பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று ஏதாவது கூட வேண்டும். ஊறுகாயும் கருவாடும் உப்புக் கணக்கைக் கெடுக்கும்.

11. வேலைக்குத் திரும்புவது

கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர், ஆசிரியர், டெய்லர் போன்றவர்கள் சில மாதங்களில் மெதுவாகத் திரும்பலாம். விவசாயிக்குத்தான் சிக்கல். தோப்பைச் சுற்றி வருவது, ஆட்களை வேலை வாங்குவது, காய் தரம் பிரிப்பது எல்லாம் எல்லைக்குள் அடங்கும். மருந்து தெளிக்கும் டேங்கை முதுகில் மாட்டுவது, மண்வெட்டி, மூட்டை, மரம் ஏறுவது அடங்காது. வெல்டிங் வேலைக்கும் பக்கத்தில் நிற்க வேண்டாம். டூ வீலர் ஓட்டுவது பற்றி உங்கள் மருத்துவமனை என்ன சொல்கிறதோ அதுவே முடிவு, பின்னால் உட்கார்ந்து குண்டும் குழியுமான சாலையில் போவதும் அதே கேள்விக்குள் வருகிறது.

அடுத்த செக்கப்புக்கு நோட்டோடு போங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் 90 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து சென்னை ஏறக்குறைய 300. அத்தனை தூரம் போய் “நல்லா இருக்கேன் டாக்டர்” என்ற ஒரே வரியோடு திரும்புவதில் அர்த்தமில்லை. தூரம் கூடாமல் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எக்கோ பார்த்துக்கொண்டே பம்பின் ஸ்பீடை மாற்றிப் பார்க்கலாமா? நடக்கும்போது என் சொந்த இதயத் துடிப்பு ஏறுகிறதா, பேஸ்மேக்கரோ மாத்திரையோ அதைக் கட்டிப்போடுகிறதா? வலப்பக்க இதயம் எப்படி இருக்கிறது? அந்த மாந்தோப்புக்காரருக்கு இரண்டாவது கேள்வியில்தான் விடை இருந்தது. மாத்திரை அளவை மாற்றிக் கொடுத்தார்கள், இப்போது அவர் தோப்பின் கடைசி வரிசை வரை நின்று இளைப்பாறாமல் போகிறார்.